டேப்பர் பரப்பு சரியா? பட்டறைக்குள்ளேயே அளந்து சொல்வது எப்படி

டிராயிங்கின் ஓரத்தில் "டேப்பர் புளூ மேட்ச் 80%" என்று ஒரே ஒரு வரி இருக்கும். நீளவாக்கில் விட்டம் சீராகக் குறைந்துகொண்டே போகும் பரப்புதான் டேப்பர். கேஜ் என்கிற மாதிரித் துண்டில் நீலப் பசை பூசி, ஜாபில், அதாவது செய்து தரும் பாகத்தில், எவ்வளவு பரப்பு தொடுகிறது என்று பார்ப்பது புளூ மேட்ச். மதுரை கப்பலூரிலும் கே.புதூரிலும் ஜாப் ஒர்க் எடுக்கிற புதுப் பட்டறைகள் அந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஜாப் நன்றாகக் கிரைண்ட் ஆகியிருக்கும், பளபளவென்று இருக்கும், கோவைக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். ஏன் திரும்பியது என்று கேட்டால் "டேப்பர் உட்காரவில்லை" என்ற ஒரு சொல்தான் பதில்.

டேப்பரில் நான்கு விஷயங்கள் தனித்தனியாகத் தப்பலாம். ஒன்று கோணம். இரண்டு, பரப்பின் நேர்த்தன்மையும் வட்டத்தன்மையும். மூன்று, குறிப்பிட்ட இடத்தில் விட்டம். நான்கு, அச்சோடு சேர்ந்து ஓடுகிறதா என்பது, அதாவது ரன்-அவுட். புளூ ஒன்றையே வைத்துக்கொண்டு நான்குக்கும் பதில் சொல்லப் பார்ப்பதுதான் முதல் சறுக்கல். எந்தக் கேள்விக்கு எந்த முறை என்று கீழே வரிசையாக வருகிறது. ஐ.டி.ஐ. முடித்து இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களையும், புதிதாக ஸ்பிண்டில், ஸ்லீவ், டூல் ஹோல்டர் வேலை எடுப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் டிராயிங்கைப் படியுங்கள்

எந்த டேப்பர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நம் பக்கம் அதிகம் வருவது இரண்டு குடும்பங்கள்: மோர்ஸ் டேப்பர், 7/24 டேப்பர் (24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறுவது). பி.டி. 30, 40, 50 டூல் ஹோல்டர்கள் எல்லாம் 7/24-இல் அடக்கம். ஹெச்.எஸ்.கே. ஹோல்டர் வந்தால் அது 1:10-ஐ ஒட்டிய குறுகிய டேப்பர். முகமும் டேப்பரும் ஒரே சமயத்தில் உட்கார வேண்டும் என்பதால் அதற்கென்று தனி கேஜ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மோர்ஸில் பெரிய பொறி இருக்கிறது. "மோர்ஸ்னா 1:20 தானே" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் டேப்பர் வேறு: எம்.டி. (மோர்ஸ் டேப்பர்) 1 என்பது 1:20.047, எம்.டி. 2 1:20.020, எம்.டி. 3 1:19.922, எம்.டி. 4 1:19.254, எம்.டி. 5 1:19.002, எம்.டி. 6 1:19.180. எம்.டி. 5-ஐ 1:20 என்று வைத்து ஓட்டினால் முழுக் கோணத்தில் சுமார் 9 நிமிடம் தப்பு (கோணத்தில் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 செகண்ட்). 100 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.26 மி.மீ. வித்தியாசப்படும்.

டாலரன்ஸ் எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கோணமாகவா, ஏ.டி. 3 மாதிரி கோண டாலரன்ஸ் கிரேடாகவா, புளூ சதவீதமாகவா? ஏ.டி. எண் குறையக் குறைய துல்லியம் கூடும். புளூ சதவீதம் மட்டும் போட்டிருந்தால் எந்த கேஜோடு, எந்த முனையில் கனமாகப் பட வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். 7/24-இல் வழக்கம் பெரிய முனையில் கனமாகப் படுவது. ஹோல்டரின் கோணம் சற்றுக் கூடுதலாகவும் ஸ்பிண்டிலின் கோணம் சற்றுக் குறைவாகவும் இருக்கும்படி டாலரன்ஸ் கொடுப்பது அதற்காகத்தான். சிறிய முனையில் மட்டும் பிடித்தால், வெட்டும் விசை வரும்போது டூல் வாய்ப்பக்கம் ஆடும்.

2. கேஜும் அதன் காகிதமும்

உட்புற டேப்பருக்கு பிளக் கேஜ், வெளிப்புறத்துக்கு ரிங் கேஜ். கடையில் "டெஸ்ட் பார்" என்று சில ஆயிரத்துக்குக் கிடைப்பதை மாஸ்டர் கேஜாக நினைக்காதீர்கள். அது ரன்-அவுட் பார்ப்பதற்கு. அதன் டேப்பர் கோணத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

கேஜோடு வரும் கேலிபரேஷன் சர்டிபிகேட்டில் கேஜில் பொறித்த சீரியல் எண், கோணத்தின் விலகல், கேஜ் கோட்டில் விட்டம், அளவிட்ட வெப்பநிலை, அளவீட்டு நிச்சயமின்மை எல்லாம் இருக்க வேண்டும். "ஓகே" என்று முத்திரை மட்டும் இருக்கிற தாள் ஆடிட்டில் செல்லாது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தாலும் அந்த ஆய்வகத்தின் ஸ்கோப்பில் (அங்கீகாரம் பெற்ற அளவுகளின் பட்டியலில்) டேப்பர் கேஜ் இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மைக்ரோமீட்டருக்கும் வெர்னியருக்கும் அங்கீகாரம் வாங்கி வைத்துக்கொண்டு டேப்பர் கேஜுக்கும் தாள் கொடுப்பவர்கள் உண்டு.

3. துடையுங்கள், ஆற விடுங்கள்

பனியன் வேஸ்டால் துடைத்த டேப்பரில் புளூ போடாதீர்கள். நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டாலும் கேஜ் ஒரு பக்கமாக ஏறி நிற்கும். பஞ்சு உதிராத மெல்லிய துணி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியில் சுத்தமான உள்ளங்கையால் ஒரு தடவல். இந்தக் கடைசித் தடவலில் கண்ணுக்குத் தெரியாத பர் (ஓரத்துப் பிசிறு) கைக்குத் தட்டுப்படும். இருந்தால் நுண்ணிய ஆயில் ஸ்டோனை ஒரே ஒரு தடவை லேசாக ஓட்டினால் போதும். கீவே ஓரங்களையும் டேங் (மோர்ஸ் டேப்பரின் தட்டையான வால்) துளையின் ஓரங்களையும் மறக்காதீர்கள். பர் ஒளிந்திருப்பது அங்கேதான்.

மதுரை வெயிலுக்கு 20 டிகிரி எட்டாக் கனி. ஆனால் அளவுக் கூடம் 20-இல் இல்லை என்று பதற வேண்டாம். எஃகு சீராகச் சூடானால் விட்டம்தான் மாறும், கோணம் மாறாது. ஜாபும் கேஜும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 44 மி.மீ. விட்டமுள்ள டேப்பர், கேஜை விட 5 டிகிரி சூடாக இருந்தால் விட்டத்தில் 2.5 மைக்ரான் வித்தியாசம். சின்ன எண்ணாகத் தோன்றும். டேப்பரில் அது அச்சுத் திசையில் பெருகும்: பி.டி. 40-இல் கேஜ் சுமார் 9 மைக்ரான் தள்ளி உட்காரும், எம்.டி. 5-இல் சுமார் 50 மைக்ரான். கிரைண்டரிலிருந்து இறக்கிய ஜாபையும் கேஜையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கனமான ஸ்பிண்டில் என்றால் ராத்திரி முழுக்க. ஜன்னல் வெயிலும் ஃபேன் காற்றும் ஒரு பக்கமாகவே படும் இடம் வேண்டாம். ஒரு பக்கம் சூடேறினால் வடிவமே கோணலாகும்.

4. புளூ

இதில்தான் கை பழக வேண்டும். மற்றதெல்லாம் கணக்கு.

கேஜின் மேல் நீளவாக்கில் மூன்று கோடுகளாக, 120 டிகிரி இடைவெளியில், புளூவை வையுங்கள். பிறகு விரலால் தேய்த்துத் தேய்த்து உலோகத்தின் நிறம் நீலத்தின் வழியே தெரியும்வரை மெலிதாக்குங்கள். புளூ கனமாக இருந்தால் அதுவே இடைவெளியை நிரப்பிவிடும். 5 மைக்ரான் பள்ளம்கூட "நல்ல மேட்ச்" என்று காட்டும். சதவீதம் கூடுதலாக வரட்டும் என்று கனமாகப் பூசுவது ஊருக்கு ஊர் தெரிந்த வித்தை. வாங்குகிறவர் மெலிதாகப் பூசிப் பார்த்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

கேஜை நேராக உள்ளே விடுங்கள், அச்சுத் திசையில் கையால் அழுத்துங்கள், கால் சுற்றுக்கும் குறைவாக ஒரே திசையில் திருப்புங்கள், நேராக எடுங்கள். முன்னும் பின்னும் திருகினால் புளூ எல்லா இடத்திலும் பரவி 100% காட்டும். மோர்ஸ் டேப்பர் தன்னாலேயே இறுகிக்கொள்ளும். அடித்து உள்ளே ஏற்றாதீர்கள். இறுகினால் நைலான் சுத்தியலால் பின்னாலிருந்து ஒரு தட்டு. 7/24 இறுகாது, அதனால் அழுத்தம் குறையாமல் பிடித்துக்கொண்டே திருப்புங்கள்.

இனி அடையாளத்தைப் படிப்பது. துளைக்குள் பிளக் கேஜ் விட்டிருக்கிறீர்கள் என்றால்:

பெரிய முனையில் மட்டும் நீலம் பட்டிருந்தால் துளையின் கோணம் கேஜை விடக் குறைவு. சிறிய முனையில் மட்டும் என்றால் துளையின் கோணம் அதிகம். நடுவில் மட்டும் என்றால் துளைச் சுவர் நடுவில் உள்ளே பிதுங்கியிருக்கிறது. இரண்டு முனையிலும் பட்டு நடுவில் இல்லையென்றால் நடுவில் பள்ளம்.

ரிங் கேஜுக்குள் ஷாங்க் (டூலின் வெளிப்புற டேப்பர் பகுதி) விட்டிருந்தால் முனைகளின் கணக்கு தலைகீழ்: பெரிய முனையில் மட்டும் பட்டால் ஷாங்கின் கோணம் அதிகம், சிறிய முனையில் மட்டும் பட்டால் குறைவு. இந்தத் தலைகீழை மறந்து லேத்தின் கம்பவுண்ட் ஸ்லைடை எதிர்ப்பக்கம் திருப்பி ஜாபை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. கேஜ் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

மூன்று கோடுகளில் ஒன்றில் மட்டும் நீலம் பட்டால் முடிவுக்கு வர வேண்டாம். கேஜை 90 டிகிரி திருப்பிவைத்து மறுபடி பாருங்கள். அடையாளம் ஜாபில் அதே இடத்தில் நின்றால் குறை ஜாபில். கேஜோடு சேர்ந்து நகர்ந்தால் குறை கேஜில்.

லேத்தில் கடைந்த 7/24 டேப்பர் என்றால் டூலின் சென்டர் உயரத்தையும் சந்தேகப்படுங்கள். டூல் முனை சென்டரிலிருந்து 0.5 மி.மீ. விலகினால், ஸ்லைடு எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும், பி.டி. 40 அளவில் பாதிக் கோணம் சுமார் 12 செகண்ட் குறையும். விலகல் 1 மி.மீ. ஆனால் கோணப் பிழை நான்கு மடங்காகும், பரப்பும் இரண்டு மைக்ரான் அளவுக்கு வளையும். எம்.டி. 3-இல் இந்தத் தொல்லை அதில் பாதிகூட வராது.

ஒரு புளூ ட்யூப் சில நூறு ரூபாய்தான். ஒரு ஜாபுக்கு 15 முதல் 20 நிமிடம் ஒதுக்குங்கள். எங்கே படுகிறது என்பதைப் புளூ சொல்லும். எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லாது. அதற்கு எண் வேண்டும்.

5. சைன் பாரில் எண் எடுப்பது

வேண்டியவை: 200 மி.மீ. சைன் பார் (இரு முனையிலும் ரோலர் உள்ள பார், ஒரு முனையை உயர்த்திக் கோணம் அமைப்பது), 87 துண்டு ஸ்லிப் கேஜ் செட் (ஒன்றோடொன்று ஒட்டும் துல்லியமான உயரத் துண்டுகள்), சர்ஃபேஸ் பிளேட், 1 மைக்ரான் லீவர் டயல், நல்ல ஸ்டாண்டு. இவற்றில் பணத்தைத் தின்பது ஸ்லிப் கேஜ் செட். தினமும் வேலை இல்லையென்றால் வாங்காமல் தெரிந்த டூல் ரூமில் மணிக்கு இவ்வளவு என்று பேசி அளந்துகொள்ளலாம்.

கணக்கு எளிது: ஸ்லிப் உயரம் = சைன் பார் நீளம் × கோணத்தின் சைன். எம்.டி. 3-இன் முழுக் கோணம் 2 டிகிரி 52 நிமிடம் 31 செகண்ட். 200 மி.மீ. பாருக்கு 10.0328 மி.மீ. வரும். 1.003, 1.03, 8 மூன்றையும் ஒட்டினால் 10.033. மிச்சம் 0.2 மைக்ரான், அதை விட்டுவிடலாம்.

முழுக் கோணமா பாதியா என்பதில்தான் ஏமாறுவார்கள். ஜாபைச் சைன் பாரின் மேலேயே படுக்கவைத்தால் முழுக் கோணம். சைன் சென்டரில் இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்தால் பாதிக் கோணம். பி.டி. ஹோல்டரைச் சைன் பாரில் படுக்கவைப்பது தொல்லை, ஃபிளாஞ்ச் இடிக்கும். சைன் சென்டர்தான் வசதி. 7/24-இன் பாதிக் கோணத்துக்கு 200 மி.மீ. சைன் சென்டரில் உயரம் 28.861 மி.மீ. (1.001 + 1.36 + 6.5 + 20). சைன் சென்டரில் இன்னொரு லாபமும் உண்டு: ஜாபை 180 டிகிரி திருப்பி இரண்டாவது அளவு எடுத்துச் சராசரி பார்த்தால் சென்டர் துளை கோணலாக இருந்த பிழை விழுந்துவிடும்.

சைன் பாரில் பெரிய முனை தாழ்ந்த பக்கம் இருக்கட்டும், அங்கே ஸ்டாப் வையுங்கள். ஜாப் பாருக்கு இணையாகக் கிடக்க வேண்டும். 2 டிகிரி திரும்பியிருந்தாலே எம்.டி. 3-இல் சுமார் 6 செகண்ட் பிழை. டயலை ஒரு முனையில் குறுக்காக நகர்த்தி முள் திரும்பும் உச்சியைப் பிடியுங்கள், அங்கே சுழி வையுங்கள். பிறகு மறுமுனையில் அதே மாதிரி உச்சியைத் தேடுங்கள். நடுவிலும் ஒரு புள்ளி எடுத்தால் நேர்த்தன்மையும் தெரிந்துவிடும்.

50 மி.மீ. தூரத்தில் டயல் 1 மைக்ரான் காட்டினால் சுமார் 4 செகண்ட். 5 மைக்ரான் என்றால் 20 செகண்ட். பெரிய முனை உயர்ந்து காட்டினால் ஜாபின் கோணம் அதிகம். ஸ்லிப் அடுக்கில் 1 மைக்ரான் தவறினால் 200 மி.மீ. பாரில் ஒரு செகண்டுதான், 100 மி.மீ. பாரில் இரண்டு. ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்து ஒட்டினால் அந்தக் கணக்கெல்லாம் வீண். ஒட்டியபின் 20 நிமிடமாவது விடுங்கள்.

6. சைன் பார் இல்லையென்றால்

வெளிப்புற டேப்பருக்கு இரண்டு சம விட்ட ரோலர் போதும். பேரிங் கடையில் கிடைக்கும் 10 மி.மீ. ரோலர்களில் ஒரு ஜோடியை மைக்ரோமீட்டரில் பார்த்துப் பொறுக்குங்கள். ஜாபைச் சிறிய முனை கீழே வரும்படி சர்ஃபேஸ் பிளேட்டில் நிறுத்தி, இரு பக்கமும் ரோலரைச் சேர்த்து, அவற்றின் மேல் மைக்ரோமீட்டரால் அளவு எடுங்கள். இரு ரோலருக்கும் அடியில் சம உயர ஸ்லிப் வைத்து உயர்த்தி மறுபடி எடுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை உயர்த்திய உயரத்தால் வகுத்தால் டேப்பர் வந்துவிடும். பி.டி. 40-இல் 40 மி.மீ. உயர்த்தினால் வித்தியாசம் 11.667 மி.மீ. இருக்க வேண்டும். சிறிய முனையில் திருகியிருக்கும் புல் ஸ்டட்டைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். டேங் உள்ள மோர்ஸ் ஷாங்க் இப்படி நிற்காது. மைக்ரோமீட்டரில் 5 மைக்ரான் தவறினால் முழுக் கோணத்தில் 25 செகண்ட் என்பதால் ஏ.டி. 3 வேலைக்கு இது போதாது. கடைசல் கட்டத்தில் திசை பார்க்க நல்லது.

உட்புறத்துக்கு இரண்டு குண்டு. எம்.டி. 3 துளைக்கு 21, 23 மி.மீ. பேரிங் குண்டுகள் பொருந்தும். சிறியதைப் போட்டு முகத்திலிருந்து அதன் உச்சிவரை ஆழம், எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டு அதே அளவு. இரு ஆழத்தின் வித்தியாசத்திலிருந்து ஆர வித்தியாசத்தைக் கழித்தால் மையங்களுக்கு இடையிலான தூரம். ஆர வித்தியாசத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால் பாதிக் கோணத்தின் சைன். சரியான எம்.டி. 3-இல் ஆழங்களின் வித்தியாசம் 40.857 மி.மீ. வரும். ஆழத்தில் 10 மைக்ரான் தவறினாலும் பாதிக் கோணத்தில் ஒன்றேகால் செகண்டுதான் என்பது இதில் பெரிய வசதி. ஆனால் துளை விட்டத்தில் 1 மைக்ரான் மேடுபள்ளம் இருந்தாலே குண்டு 20 மைக்ரான் ஏறி இறங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு குண்டையும் மூன்று முறை போட்டுப் பாருங்கள், அழுத்தாதீர்கள். இறுகிய குண்டை டேங் துளை வழியாகத் தள்ளி எடுங்கள்.

7. விட்டம்

கேஜில் உள்ள இரண்டு கோடு அல்லது படிக்கு நடுவே ஜாபின் முகம் நிற்க வேண்டும். மோர்ஸில் விட்டம் 0.01 மி.மீ. மாறினால் கேஜ் 0.2 மி.மீ. நகரும், 7/24-இல் 0.034 மி.மீ. கோணம் தப்பாக இருக்கும்போது இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. கோணத்தை முடித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

8. ரன்-அவுட்

புளூவில் 90% காட்டிய ஸ்பிண்டிலும் ஆடலாம். டேப்பரின் அச்சு சுழலும் அச்சோடு சேராவிட்டால் புளூவுக்கு அது தெரியாது. டெஸ்ட் மாண்ட்ரலை (முன்பு சொன்ன டெஸ்ட் பார்தான்) விட்டு, வாயருகே ஒரு அளவு, 300 மி.மீ. தள்ளி ஒரு அளவு. பொதுவான லேத் டெஸ்ட் சார்ட்டுகளில் வாயருகே 0.01 மி.மீ., 300 மி.மீ. தள்ளி 0.02 மி.மீ. என்று இருக்கும். உங்கள் மெஷின் சார்ட்டில் உள்ளதுதான் உங்களுக்குக் கணக்கு. மாண்ட்ரலைக் கழற்றி 90 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி எடுங்கள். இப்படி நான்கு நிலைகளின் சராசரிதான் ஸ்பிண்டிலின் ரன்-அவுட். ஒரே நிலையில் எடுத்தால் மாண்ட்ரலின் கோணலும் சேர்ந்து வரும்.

9. வெளியே அனுப்பும்போது

கேஜ் கேலிபரேஷனுக்கோ சி.எம்.எம். (மூன்று அச்சிலும் அளக்கும் மெஷின்) அளவுக்கோ பலர் கோவையைத்தான் நாடுகிறார்கள். கட்டணம் ஒரு கேஜுக்கா, ஒரு அளவுக்கா, மணிக்கா என்று முதலில் கேளுங்கள். டேப்பரில் கோணம், விட்டம், நேர்த்தன்மை மூன்றையும் தனித்தனி அளவாகப் பில் போட்டால் தொகை மூன்று மடங்காகும். 18% ஜி.எஸ்.டி., போக வர பார்சல் செலவு தனி.

அனுப்பும்போது திரும்பி வரும் பொருள் என்று குறித்த டெலிவரி சலான் வையுங்கள். அதில் சீரியல் எண்ணும் மதிப்பும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில். வேண்டுகோள் கடிதத்தில் "டேப்பர் கேஜ் கேலிபரேஷன்" என்று மட்டும் எழுதாமல் கோண விலகல் எண்ணாக வேண்டும், நிச்சயமின்மை வேண்டும், எந்த இடத்தில் விட்டம் வேண்டும் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் "புளூ மேட்ச் திருப்தி" என்று தாள் வரும், அதற்கும் முழுக் கட்டணம்தான்.

வழக்கமான இடைவெளி ஒரு வருடம். நிதியாண்டு முடிகிற மார்ச்சில் எல்லோரும் அனுப்புவதால் ஆய்வகங்களில் கூட்டம். ஜூலை, ஆகஸ்ட்டில் தேதி விழும்படி முதல் தடவையே அனுப்பிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். கேஜ் ஊரில் இல்லாத நாட்களில் டேப்பர் வேலை நிற்கும் என்பதையும் டெலிவரி தேதி சொல்லும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பார்சலில் கேஜுக்குத் துருத் தடுப்பு எண்ணெய் தடவி, மெழுகுத் தாள் சுற்றி, மரப்பெட்டி. வெறும் கையால் தொட்ட விரல் ரேகை இரண்டு நாளில் துருவாகும்.

10. ரிப்போர்ட்

ஜாப் எண், கேஜ் சீரியல் எண், சர்டிபிகேட் காலாவதித் தேதி, அறை வெப்பநிலை, ஆற விட்ட நேரம், புளூ எந்த முனையில் எத்தனை சதவீதம், கோண விலகல் செகண்டில், ரன்-அவுட் நான்கு நிலைகளிலும் தனித்தனியாக. புளூ அடையாளத்தின் மேல் அகலமான செலோ டேப்பை ஒட்டி எடுத்து ரிப்போர்ட்டிலேயே ஒட்டுங்கள். பெரிய முனை எது என்று அதன் ஓரத்தில் பேனாவால் குறியுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் உங்களுக்கே தெரியாது. உட்துளையில் டேப் ஒட்ட முடியாதபோது கேஜில் புளூ அழிந்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஜாப் திரும்பி வந்தால், மறுபடி கிரைண்ட் செய்வதற்கு முன் வாங்குகிறவரின் கேஜை ஒருநாள் கேட்டு வாங்குங்கள். அதையும் உங்கள் கேஜையும் ஒரே ஜாபில் போட்டு, இரண்டு புளூ டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் பேச வேண்டியது ஜாபைப் பற்றி அல்ல, இரண்டு கேஜ்களின் சர்டிபிகேட்டைப் பற்றி.